எக்ஸ்எம்மா, சிரியஸா? பழைய கார் வாங்குமுன் பார்க்க வேண்டிய ரேடியோ விஷயம்

அமெரிக்காவில் பழைய கார் வாங்குகிறவர்கள் மைல் கணக்கு, டயர், விபத்து வரலாறு எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் சாட்டிலைட் ரேடியோ (மாதச் சந்தா கட்டி, சாட்டிலைட்டிலிருந்து நேரே கேட்பது) எக்ஸ்எம் கம்பெனியுடையதா, சிரியஸ் கம்பெனியுடையதா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். “அதான் ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சே” என்பார்கள். 2008 ஜூலையில் ஒன்றானது கம்பெனிகள்தான். ரிசீவர்கள் அப்படியேதான் இருக்கின்றன. சிரியஸ் 2320 முதல் 2332.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், எக்ஸ்எம் அதற்கு மேலே 2345 வரையிலும் ஒலிபரப்புகின்றன. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையும் வேறு. சிரியஸ் பெட்டிக்கு எக்ஸ்எம் சிக்னல் வெறும் இரைச்சல்.

ஆகவே பழைய காரோ, யாரோ விற்கும் பழைய டாக் ரேடியோவோ (தாங்கியில் செருகிக் கழற்றும் தனிப் பெட்டி) வாங்கும்போது நீங்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். என் ஓட்டு எக்ஸ்எம்முக்கு. சிரியஸ் மட்டமானது என்பதால் இல்லை. ஒரு காலத்தில் பொறியியல் அழகில் அதுதான் மேல். ஆனால் அந்த அழகு இப்போது வானத்தில் இல்லை.

முதலில் சட்டென்று முடிந்துவிடுகிற விஷயங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்எம் மாதம் 9.99 டாலர், சிரியஸ் 12.95. 2005இல் எக்ஸ்எம்மும் 12.95க்கு ஏறியதோடு அந்த வித்தியாசம் போயிற்று. இன்று ஒரே பில்தான். ரேடியோ பேச்சாளர் ஹோவர்ட் ஸ்டெர்னுக்காக 2006 ஜனவரியில் சிரியஸுக்கு ஓடியவர்கள், பேஸ்பாலுக்காக எக்ஸ்எம்மில் நின்றவர்கள் என்று இருந்த பிரிவினைக்கும் இன்று பெரிய அர்த்தமில்லை. ஒலித்தரத்தில் எக்ஸ்எம்மின் ஏஏசிபிளஸ் என்ற ஒலிச்சுருக்க முறை கொஞ்சம் தெளிவு என்று என் காது சொல்கிறது. ஆனால் 65 மைல் வேகத்தில் டயர் சத்தத்துக்கு நடுவே இதை வைத்து வாதாட மாட்டேன். பேச்சுச் சானல்கள் இரண்டிலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். அவற்றுக்கு ஒதுக்கும் டேட்டா அளவு அவ்வளவுதான்.

இனி வானம். எக்ஸ்எம் தொடக்கத்திலிருந்தே பூமத்திய ரேகைக்கு நேர் மேலே அசையாமல் நிற்கும் சாட்டிலைட்டுகளை நம்பியது: ஒன்று மேற்குத் தீர்க்கரேகை 85 டிகிரியில், மற்றொன்று 115 டிகிரியில். ஹூஸ்டனிலிருந்து பார்த்தால் இரண்டும் அடிவானத்திலிருந்து 50 டிகிரி உயரத்தை ஒட்டி நிற்கும். சியாட்டிலில் ஒன்று 35 டிகிரி, மற்றொன்று 25 டிகிரிதான். 25 டிகிரி என்றால் பக்கத்து வீட்டு ஊசியிலை மரமே மறைத்துவிடும். சிரியஸ் இதற்கு எதிர்வழியில் போனது. 2000இல் ஏவிய மூன்று சாட்டிலைட்டுகளும் சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சுற்றின. ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் வட அமெரிக்காவுக்கு மேலேயே தங்கும். ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும். தலைக்கு மேலிருந்து சிக்னல் வந்ததால் மரமும் மலைச்சரிவும் அவ்வளவாக மறைக்கவில்லை. “வடக்கில், காட்டுப் பகுதியில் இருக்கிறாயா, சிரியஸ் வாங்கு” என்ற அறிவுரை அங்கிருந்து வந்ததுதான்.

அந்த அறிவுரை காலாவதியாகிவிட்டது. 2009இலும் 2013இலும் சிரியஸுக்காக ஏவப்பட்ட எஃப்எம்-5, எஃப்எம்-6 சாட்டிலைட்டுகள் இரண்டும் எக்ஸ்எம் போலவே அசையாமல் நிற்பவை, ஏறத்தாழ அதே திசைகளில். பழைய மூன்றும் 2010களின் நடுவில் ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது சியாட்டில் மரம் இரண்டு ரேடியோவுக்கும் ஒரே மரம்தான். இணையத்தில் இன்னும் பழைய அறிவுரையையே திருப்பிச் சொல்கிறார்கள், கவனம்.

நகரங்களில் கதை வேறு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சாட்டிலைட் தெரியாது என்பதால் தரையில் ரிப்பீட்டர்கள் (அதே சிக்னலைத் தரையிலிருந்து திருப்பி அனுப்பும் கோபுரங்கள்) நட்டிருக்கிறார்கள். தன் சாட்டிலைட்டுகள் தாழ்வாக நின்றதால் எக்ஸ்எம் தொடக்கத்திலேயே இவற்றை மிக அதிகமாக நட வேண்டியிருந்தது. அன்று பலவீனத்தை மறைக்கச் செய்த செலவு, பிறகு பலமாகிவிட்டது.

பாலங்களுக்கு அடியில் என்ன ஆகும் என்பது இரண்டுக்கும் பொது. ஒரே நிகழ்ச்சியைச் சுமார் நான்கு வினாடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்புகிறார்கள்; ரிசீவர் முந்தையதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். 60 மைல் வேகத்தில் நான்கு வினாடி என்பது சுமார் 350 அடி. ஓடும்போது பாலம் தெரியவே தெரியாது. அதே பாலத்தடியில் சிவப்பு விளக்குக்கு நின்றால் பாட்டு நின்றுவிடும். இதை ஆன்டெனா கோளாறு என்று எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதெல்லாம் இல்லை. பராமரிப்புதான். யார் பக்கம் பணம் போகிறது என்று பாருங்கள். 2020 டிசம்பரில் எஸ்எக்ஸ்எம்-7 சாட்டிலைட் ஏவப்பட்டு, சோதனையிலேயே கெட்டுப்போனது. அடுத்த ஜூனில் எஸ்எக்ஸ்எம்-8 போயிற்று. 2024 டிசம்பரில் எஸ்எக்ஸ்எம்-9, 2025 ஜூனில் எஸ்எக்ஸ்எம்-10. எல்லாமே எக்ஸ்எம் வழி வந்த சாட்டிலைட்டுகள். புதிய கார் ரேடியோக்களும் அந்தப் பக்கம்தான். கடையில் வாங்கிப் பொருத்தும் எஸ்எக்ஸ்வி300 ட்யூனரும் அப்படியே. சிரியஸ் பக்கத்துக்கு இருந்த எஸ்சி-சி1 ட்யூனரை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். உங்கள் சிரியஸ் பெட்டி கெட்டால் அதே வகையில் இன்னொரு பழையதைத் தேட வேண்டும். அதுவும் அதே வயதில் இருக்கும். புதிதாகச் சேர்த்த கூடுதல் சானல்களில் பல, எக்ஸ்எம் பக்கத்தின் புதிய சிப் உள்ள ரிசீவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். சிரியஸ் நாளையே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. உதிரி பாகம் குறைந்துகொண்டே போகும் பக்கத்தில் புதிதாகப் போய் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ரேடியோவை 0 சானலில் வையுங்கள். எட்டு எழுத்து-எண் கலந்த குறியீடு வந்தால் எக்ஸ்எம். பன்னிரண்டு இலக்க எண் வந்தால் சிரியஸ். எக்ஸ்எம் குறியீட்டில் ஐ, ஓ, எஸ், எஃப் எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். 2000களின் கார்களில் ஹோண்டா, அக்யூரா, ஜிஎம் என்றால் பெரும்பாலும் எக்ஸ்எம். ஃபோர்டு, கிரைஸ்லர், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் என்றால் பெரும்பாலும் சிரியஸ். ஆனாலும் 0 சானலைப் பார்த்த பிறகே நம்புங்கள்.

திரையில் ‘ஆன்டெனாவைச் சரிபார்’ என்று வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கூரை மேலுள்ள சுறாத்துடுப்பு ஆன்டெனாவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ‘சிக்னல் இல்லை’ என்று வந்தால் ஒயர் சரி, வானம்தான் தெரியவில்லை. காரை வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நோய்.

டாக் ரேடியோ வைப்பதானால் காந்த ஆன்டெனாவைக் கூரை மேல் ஒட்டுங்கள். சுற்றிலும் குறைந்தது மூன்று அங்குலம் உலோகம் இருக்க வேண்டும். அந்தத் தகடும் ஆன்டெனாவின் பாதி வேலையைச் செய்கிறது. டேஷ்போர்டு மேல் வைத்தால் முன்பக்க வானம் மட்டுமே தெரியும். வடக்கு நோக்கி ஓட்டும்போது கூரையே தெற்கை மறைத்துவிடும். கேபிளைக் கதவு ரப்பருக்கு அடியில் விடுங்கள், கதவு விளிம்பில் நசுங்காமல். ஒலியைக் கார் ஸ்பீக்கருக்குக் கொண்டு போக ஆக்ஸ் ஒயர்தான் முதல் தேர்வு. கார் ரேடியோவுக்கு எஃப்எம் அலையாக அனுப்புவது பெரிய நகரத்தில் தலைவலி. ஆக்ஸில் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ங்ங்’ சத்தம் வந்தால் அது பூமி இணைப்புச் சுற்றால் (கிரவுண்டு லூப்) வருவது. நடுவில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் போய்விடும். பழைய டாக்குகளில் சில 5 வோல்ட், சில 12 வோல்ட். முனை பொருந்துகிறது என்று செருகினால் பெட்டி புகைந்துவிடும். லேபிளைப் படியுங்கள்.

வீட்டில் வைப்பவர்களுக்குத் தெற்குப் பக்க ஜன்னல் வேண்டும். பாஸ்டனிலிருந்து 85 டிகிரி சாட்டிலைட்டைப் பிடிக்கத் தெற்கிலிருந்து இருபது டிகிரி மேற்காகத் திருப்புங்கள். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடியும் உலோகக் கொசுவலையும் சிக்னலை விழுங்கும். அப்படியானால் ஆன்டெனாவை வெளியே கொண்டு போவது தவிர வழியில்லை.

போன் ஸ்ட்ரீமிங் போதாதா? ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குப் போதும். நெவாடா, மொன்டானா, மேற்கு டெக்சாஸ் நெடுஞ்சாலைகளில் டவர் கிடைக்காத நீளங்கள் உண்டு. அங்கேதான் சாட்டிலைட் தன் காசுக்கு வேலை செய்யும். ஹவாயில் சாட்டிலைட் சேவையே கிடையாது. அங்கு இந்தக் கேள்வியே எழாது.

கடைசியாகச் சந்தா. அது பெட்டியோடுதான் ஒட்டியிருக்கும், ஆனால் விற்றவர் பெயரில். “ஆயுள் சந்தா இருக்கிறது” என்று விலை ஏற்றினால், அது உங்கள் பெயருக்கு மாறும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். விளம்பர விலைக்கு மேல் இசை உரிமைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை பில்லில் ஏறும். சலுகைக் காலம் முடிந்ததும் முழு விலைக்கு ஏறும். சந்தா ரத்து செய்வதைக் கடினமாக்குகிறது என்று 2023 டிசம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் இந்த நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார். சலுகை முடியும் தேதியைப் போன் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகவே குறித்து வையுங்கள். புதுச் சந்தா எடுத்த அன்று காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ரேடியோவைப் போட்டபடி கால் மணி நேரம் விடுங்கள். அனுமதி சிக்னல் வானத்திலிருந்துதான் வர வேண்டும், கராஜுக்குள் வராது.