ஃபுட் சயின்ஸ் கிளப்: எந்த அணியில் சேரலாம்?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறவர்களுக்கு ஃபுட் சயின்ஸ் துறையில் அநேகமாக ஒரு மாணவர் கிளப் காத்திருக்கும். இவற்றில் பல, 1939-இல் தொடங்கிய ஐ.எஃப்.டி. என்ற உணவு தொழில்நுட்பச் சங்கத்தின் மாணவர் பிரிவோடு சேர்ந்தவை. கிளப்பில் சேர்வது சுலபம். சந்தா கட்டினால் போதும், முதல் கூட்டத்தில் பீட்சாவும் கிடைக்கலாம். உள்ளே போனபின் எந்தப் போட்டி அணிக்கு நேரம் கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். புதுப் பொருள் உருவாக்கும் அணி, காலேஜ் பவுல் என்ற வினாடி வினா அணி, பால் பொருள்களைச் சுவைத்து மதிப்பிடும் டெய்ரி ஜட்ஜிங் அணி ஆகிய மூன்றும் பரவலானவை. மூன்றும் எல்லா இடத்திலும் இருக்காது. டெய்ரி அணி குறைவு.

வேலைக்கான ரெஸ்யூமேயில் எடுப்பாகத் தெரிவது புதுப் பொருள் அணிதான். நேரத்தை அதிகம் தின்பதும் அதுவே. யோசனையோடு வேலை முடியாது. ஃபார்முலா, செலவுக் கணக்கு, ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற உணவுப் பாதுகாப்புத் திட்டம், லேபிள், ஷெல்ஃப் லைஃப் (கெடாமல் இருக்கும் காலம்) என எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும். அணிகள் சறுக்குவது பெரும்பாலும் ஷெல்ஃப் லைஃபில். தேங்காய்ச் சட்னியை ஜாடியில் அடைத்து அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று நம்மவர் ஒருவர் கிளம்பினால், அதன் பி.ஹெச். (புளிப்பு கூடினால் இறங்கும் அளவு) 4.6-க்கு மேல், வாட்டர் ஆக்டிவிட்டி (கிருமி வளரக் கிடைக்கும் ஈரத்தின் அளவு) 0.85-க்கு மேல். நச்சு உண்டாக்கும் பாட்டுலினம் கிருமிக்கு அது தோதான இடம். ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் வேகவைத்தால் சட்னியின் பச்சை மணம் போய்விடும், பி.ஹெச். இறங்கப் புளிப்பைக் கூட்டினால் ஊறுகாய்ப் பக்கம் சாய்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் விற்கும் பொருளாக மாற்றுவதே மரியாதை.

எள்ளுருண்டையைச் சாக்லேட் பார் போன்ற வடிவில் தரும் யோசனை இதைவிடத் தேவலாம், வாட்டர் ஆக்டிவிட்டி குறைவு. ஆனால் 2023 ஜனவரி முதல் எள் அங்கே ஒன்பதாவது முக்கிய அலர்ஜிப் பொருள். லேபிளில் காட்டியாக வேண்டும். இன்னொன்று, வெல்லப் பாகை இத்தனை நிமிடம் கொதிக்கவிடு என்று எழுதாதீர்கள். அரை கிலோவில் வற்றும் வேகம் இருபது கிலோவில் இருக்காது. பாகின் வெப்பநிலையையோ சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸையோ எழுதுங்கள், பொருள்களைக் கப்பில் அளக்காமல் எடைச் சதவீதத்தில் கொடுங்கள். வெளியாட்களை வைத்துச் சுவை பார்க்கும் முன் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைக் கண்காணிக்கும் பல்கலைக்கழக ஐ.ஆர்.பி. குழுவின் அனுமதியோ விலக்கோ வாங்க வேண்டும். அதை மறந்த அணி, திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாமல் நிற்கும்.

டெய்ரி ஜட்ஜிங்கை நம் மாணவர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. நாக்குக்கு இதைவிடக் கறாரான பயிற்சி கிடைப்பது அரிது. பால், வெண்ணெய், செடார் சீஸ், காட்டேஜ் சீஸ், ஸ்ட்ராபெரி தயிர், வனிலா ஐஸ்கிரீம் என ஆறு பொருள்கள். சுவைக்கு 10, சீஸ், ஐஸ்கிரீம் போன்றவற்றின் பதத்துக்கு 5 என மதிப்பெண் போட்டு, குறை என்னவென்றும் குறிக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் நடுவருடையதிலிருந்து விலகிய அளவைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவரே ஜெயிப்பார்.

பயிற்சிக்குப் பாலை வேண்டுமென்றே கெடுப்பார்கள். 500 மி.லி. பாலில் 100 மி.லி. தண்ணீர் விட்டால் 'சப்பென்ற' பால் தயார். ஒளி புகும் பாட்டிலில் கால் மணி நேரம் வெயிலில் வைத்தால், ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் ஒளியை வாங்கி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்ட, முடி கருகின வாடை வரும். பச்சைப் பாலையும் கொழுப்புத் துளிகளை நுணுக்கி ஹோமோஜினைஸ் செய்த பாலையும் கலந்து வைத்தால் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்துக் காறல் ஏறும். இது பச்சைப் பால் என்பதால் வாயில் வைக்கும் முன் மறுபடி பாஸ்டரைஸ் செய்தே (சூடாக்கிக் கிருமி நீக்கியே) ஆக வேண்டும். காய்ச்சிய பாலிலேயே வளர்ந்த நமக்கு ஒரு சங்கடம் உண்டு: அங்கே காய்ச்சின மணம் ஒரு குறை. அதற்கு மதிப்பெண் குறைக்க மனசு வராது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதிரியைத் துப்பிவிடலாம் என்பதால் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களும் சமாளிக்கலாம். சைவர்கள் தயிரில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா, செடாரில் பாலைத் திரிக்க என்ன ரென்னெட் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காலேஜ் பவுல் 1985-இல் தொடங்கியது. வேதியியல், நுண்ணுயிரியல், பொறியியல், சட்டம் எனக் கலந்து கேட்பார்கள். பஸ்ஸரில் கை முந்த வேண்டும். பி.டெக். பாடம் நினைவில் உள்ளவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஃபாரன்ஹீட்தான் காலை வாரும். பாலைப் பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரி செல்சியஸ், 15 வினாடி என்று மனப்பாடம் செய்தவர்கள் 161 என்று காதில் விழுந்ததும் திகைப்பார்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

முதல் செமஸ்டரிலேயே ஆய்வு உதவியாளர் வேலையும் தீசிஸும் இருந்தால் டெய்ரி அல்லது பவுல் போதும். தீசிஸ் இல்லாத எம்.எஸ். என்றால் புதுப் பொருள் அணி, அதுவும் யோசனை முடிவாகும் முன்பே. நடுவில் சேர்பவருக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான் மிஞ்சும். எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேர வரம்பு உண்டு. சம்பளமில்லாத அணிப் பயிற்சி அதில் சேராது. பல்கலைக்கழக ஐஸ்கிரீம் கடையில் சம்பளத்துக்கு நின்றால் சேரும்.