கோத்தகிரி ஈரத்தில் காயாத களிமண் பலகை: ஒரு செய்முறைப் பெட்டியின் மதிப்புரை

தீபாவளி விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருந்த பேத்திக்காக, பண்டைய உலக நாகரிகங்களைக் கையால் செய்து பார்க்க உதவும் பெட்டி ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். சுமேரியாவில் தொடங்கி எகிப்து, சிந்துவெளி, கிரீட் தீவு வழியாக ஏதென்ஸில் முடியும் ஐந்து தட்டுகளும், ஒரு விளக்கப் புத்தகமும், சுவரில் ஒட்டும் காலக்கோட்டுப் படமும் அதில் உள்ளன. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்பதால், பிரித்துப் பார்க்கும் ஆவல் பேத்தியைவிட எனக்கே அதிகம் இருந்தது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் தயாரித்தவர் பெயரைத் தவிர்க்கிறேன். கையால் செய்யக் கொடுத்திருப்பவை அருமை, படிக்கக் கொடுத்திருப்பவை சுமார் என்பது என் கணிப்பு.

முதல் தட்டில் அரைக் கிலோ களிமண்ணும், பிளாஸ்டிக் எழுத்தாணியும், உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரையும் இருக்கின்றன. எழுத்தாணியின் முனை பேனாவைப்போல் உருண்டிருப்பதால் அதைக் கொண்டு சுமேரியரின் ஆப்பு வடிவ எழுத்தான ஆப்பெழுத்தை எழுத முடியாது. சுமேரிய எழுத்தர்கள் நாணல் தண்டை நறுக்கி, அதன் மூலையை ஈர மண்ணில் அழுத்தினார்கள். அழுத்திய இடம் அகன்ற தலையும் குறுகிய வாலுமாகப் பதிந்தது. ஈர மண்ணில் கோடு இழுத்தால் பிசிறடிக்கும் என்பதால், தொடக்கத்தில் படமாக வரைந்த குறிகள் நாளடைவில் இந்த ஆப்புகளின் கூட்டமாக மாறின. தட்டின் உயிரான இந்தச் செய்தி புத்தகத்தில் எங்கும் இல்லை. மூங்கில் பிளாச்சு ஒன்றைச் சதுர முனையாகச் சீவிக் கொடுத்த பிறகு பேத்தியின் கை தானாகப் பழகிக்கொண்டது. “தப்பா எழுதிட்டா எப்படி அழிப்பாங்க தாத்தா?” என்று கேட்டவள், நான் வாயெடுக்கும் முன்பே கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டாள்.

சுமேரியாவின் ஊருக் என்ற நகரில் கிடைத்த, கி.மு. 3200-ஐ ஒட்டிய மிகப் பழைய பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, பீர் ஆகியவற்றின் கணக்குகள். அதைக் கேட்டதும் அவள் எங்கள் தோட்டத்தில் அந்த வாரம் பறித்த பச்சைத் தேயிலையின் எடையை எழுத விரும்பினாள். எடை 74 கிலோ. சுமேரியாவை உள்ளடக்கிய மெசொப்பொத்தேமியாவின் மக்கள் 60-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணியவர்கள். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்று நாம் கணக்கிடுவது அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. எனவே அறுபதுக்கு நெட்டை ஆப்பு ஒன்று, பத்துக்கு மூலை ஆப்பு ஒன்று, மீதிக்கு நெட்டை ஆப்பு நான்கு என்று ஆறே அழுத்தலில் 74 முடிந்தது.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பலகையை ஒரு நாள் வெயிலில் காயவைக்கும்படி புத்தகம் சொல்கிறது. ஐப்பசி மழையில், பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி நண்பகலிலும் சன்னலை விட்டு நகராத ஊரில், வெயிலுக்கு எங்கே போவது? நான்கு நாள் கழித்தும் விரல் வைத்தால் பதிந்தது. பொறுமை இழந்து கணப்பு அருகே கொண்டுபோய் வைத்தேன். கால் மணி நேரத்தில் பட்டென்ற ஓசையுடன் இரண்டாகப் பிளந்தது. உள்ளே நின்ற ஈரம் நீராவியாகி மண்ணை உடைக்கும் என்பது பானை வனையும் எவருக்கும் தெரியும். கோத்தர் இனப் பெண்கள் பானை வனைந்த இந்த மலையில் இத்தனை காலம் வாழ்ந்தும் எனக்கு அது நினைவுக்கு வராமல் போனது வெட்கம்தான்.

இந்த விபத்தால் கிரீட் தட்டு எளிதில் புரிந்தது. கிரீட்டின் நோசோஸிலும் கிரேக்க நிலப்பகுதியின் பைலோஸிலும் அரண்மனை எழுத்தர்கள் லீனியர் பி எழுத்தில் கணக்கெழுதிய பலகைகள் சுடப்படாதவை. கி.மு. 1200-ஐ ஒட்டிப் பைலோஸ் அரண்மனை எரிந்தபோது, ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்த பலகைகள் செங்கல்போல் வெந்து நிலைத்தன. அரண்மனையை அழித்த தீயே அதன் கணக்கைக் காத்தது. மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1952-இல் அந்த எழுத்து கிரேக்க மொழியின் பழைய வடிவத்தைக் குறிப்பதாகக் கண்டறிந்தார். புத்தகமோ, கிரீட்டின் மினோவர் எழுத்தை அவர் படித்துவிட்டதாக எழுதுகிறது. மினோவர் எழுத்தான லீனியர் ஏ இன்னும் படிக்கப்படவில்லை. 1,850 ரூபாய் வாங்குபவர்கள் இப்படி ஒரு பிழையை அச்சேற விட்டிருக்கக் கூடாது.

எகிப்துத் தட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: எகிப்தியர் கோரைத் தண்டில் செய்த பாப்பிரஸ் தாள் என்ற பெயரில் வைத்திருப்பது சாதாரண முரட்டுக் காகிதம்.

சிந்துவெளித் தட்டு பெட்டியிலேயே சிறந்தது. மாக்கல் நிறத்தில் வார்த்த சதுர முத்திரையில் ஒற்றைக் கொம்பு விலங்கும், மேலே ஒரு வரி எழுத்தும், பின்புறம் கயிறு கோக்கத் துளையிட்ட குமிழும் அளவு பிசகாமல் அமைந்திருக்கின்றன. மண்ணில் அழுத்தி எடுத்தபோது விலங்கின் கழுத்து மடிப்புகள்கூடத் துல்லியமாக விழுந்தன. ஆனால் காலக்கோட்டுப் படம் இந்த நாகரிகத்தை எகிப்துக்கு அடுத்த பேருந்து நிறுத்தம்போல் தள்ளி வைத்திருக்கிறது. சிந்துவெளி நகரங்கள் செழித்த கி.மு. 2600 முதல் 1900 வரையிலான காலத்தில்தான் எகிப்தில் மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடு எழுந்தது. மெசொப்பொத்தேமியாவில் அக்காத் மன்னர் சார்கோன், மெலுகா நாட்டுக் கப்பல்கள் தம் துறையில் நிற்பதாகப் பெருமை பேசினார். அந்த மெலுகா சிந்துவெளி என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. மெசொப்பொத்தேமியாவில் ‘ஊர்’ என்ற பெயர் கொண்ட நகரத்தின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. ஒரே காலத்தில் வாழ்ந்து வணிகம் செய்தவர்களை வரிசையில் நிறுத்திய அந்தப் படத்தை நான் சுவரில் ஒட்டவில்லை.

ஏதென்ஸ் தட்டில் நான்கு பானை ஓடுகளும் ஓர் ஆணியும் இருக்கின்றன. பண்டைய ஏதென்ஸின் குடிமக்கள், அதிகாரம் மிஞ்சியவர் என்று கருதிய ஒருவரின் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகள் சேர்ந்த வாக்கெடுப்பில் அதிகப் பெயர் பெற்றவர் பத்து ஆண்டுகள் நகரை விட்டு விலக வேண்டும். ஓட்டில் போட்ட ஓட்டு என்று சொன்னால் தமிழ்க் குழந்தைக்கு மறக்காது. உத்திரமேரூர்க் குடவோலை ஊர்ச்சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது, ஏதென்ஸின் பானை ஓடு ஆளை வெளியேற்றியது என்று நான் சேர்த்துச் சொன்னேன். ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோகிளிஸ் என்ற அரசியல் தலைவரின் பெயர் கீறிய ஏறத்தாழ 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றை எழுதியவை பதினான்கு கைகள் மட்டுமே. சீட்டு எழுதிக் கொடுத்து வாக்குச் சேர்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்து பேத்தி சிரித்தாள். உடன் வரும் எழுத்து அட்டையும் நன்று: உயிரெழுத்தே இல்லாத 22 பினீசிய எழுத்துகளைக் கடன் வாங்கிய கிரேக்கர், தங்கள் நாவுக்குத் தேவைப்படாத மெய்களை உயிராக்கிக்கொண்டதை அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, அருகில் உட்கார்ந்து விளக்கப் பெரியவர் ஒருவர் இருந்தால், தாராளமாக வாங்கலாம். மலையில் இருப்பவர்கள் களிமண் பொட்டலத்தை மட்டும் தை பிறக்கும்வரை பிரிக்காமல் வையுங்கள். பேத்தி எழுதிய இரண்டாவது பலகையை ஊருக்குத் திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம். ஒன்றரை நாளில் கல்போல் காய்ந்துவிட்டது.