சர்வோ ஓட்ட நானோவா, ஈஎஸ்பி32-ஆ?

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்தான் சர்வோ. எஸ்ஜி90 என்ற சிறிய மாடல் இரண்டு மூன்று மட்டும் என்றால் ஆர்டுயினோ நானோ போர்டின் குளோன் (மலிவு நகல்) போதும். ஆர்டுயினோ ஐடிஈ-யோடு (புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) வரும் சர்வோ லைப்ரரி அப்படியே ஓடும். ஆனால் அது சிப்பின் உள்ளே இருக்கும் டைமர் 1-ஐ எடுத்துக்கொள்வதால் 9, 10-ஆம் பின்களில் அனலாக்ரைட் (எல்ஈடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டளை) வேலை செய்யாது. எல்ஈடி மங்கலாக எரிய வேண்டுமானால் அதை 3, 5, 6-ஆம் பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். குளோனில் அப்லோடு தொடர்ந்து தோற்றால், ஐடிஈ-யின் புராசஸர் மெனுவில் ‘ஓல்டு பூட்லோடர்’ தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

போனிலிருந்து வைஃபை வழியே இயக்க, வைஃபை உள்ளேயே உள்ள ஈஎஸ்பி32 போர்டுதான் சரி. இதற்கு ‘ஈஎஸ்பி32சர்வோ’ லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டும். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட்டுக்கு மட்டுமே. அங்கே சர்வோ அசையாது. சிக்னல் 3.3 வோல்ட்தான், எஸ்ஜி90 பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பலரும் தடுமாறுவது மின்சாரத்தில். சர்வோவின் கை தடைபட்டு நின்றால் ஒரு எஸ்ஜி90-யே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்தால் நானோ ரீசெட் ஆகும். ஈஎஸ்பி32 சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (வோல்டேஜ் குறைந்துவிட்டது) என்று சொல்லி மறுபடி தொடங்கும். வைஃபையும் மின்சாரம் இழுப்பதால் ஈஎஸ்பி32-இல் தொல்லை அதிகம். சர்வோவின் சிவப்பு வயருக்குத் தனி 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். அதன் பிளஸ், மைனஸ் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பழுப்பு வயரையும் அடாப்டரின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள். இல்லாவிட்டால் சர்வோ இலக்கில்லாமல் துடிக்கும்.