மானியப் பணத்தில் முதலில் எது: வென்ட் வலையா, வீட்டைச் சுற்றி 5 அடியா?

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 2020-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சொத்து வரியிலிருந்துதான் வீட்டுக்காரர்களுக்கான காட்டுத்தீத் தடுப்பு மானியம் வருகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று கேட்டால் இரண்டு வேலைகள்தான் முன்னால் நிற்கின்றன.

வென்ட், அதாவது பரணுக்குள் காற்றுப் போகும் துளை, அதன் வலையை மாற்றுவது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் காட்டுத்தீயில் பெரும்பாலான வீடுகள் எரிவது சுவர்போல் முன்னேறி வரும் நெருப்பால் அல்ல, காற்றில் ஒரு மைலுக்கும் மேல் பறந்து வரும் கங்குகளால். பழைய வீடுகளில் கால் அங்குலக் கண் வலைதான் இருக்கும், கங்கு அதன் வழியே பரணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. வலைக் கண் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கோ அதைவிடச் சிறியதோ ஆக இருக்க வேண்டும், தீக்கங்குகளைத் தடுக்கவே செய்த வென்ட் என்றால் இன்னும் நல்லது.

வீட்டுச் சுவரை ஒட்டிய 5 அடியில், கங்கு விழுந்தால் பற்றிக்கொள்ளும் மரச்சீவல், ஜூனிப்பர் புதர், விறகுக் குவியல் எதுவும் இல்லாமல் சரளை போடுவது அடுத்தது. இதற்குக் கைவேலையே போதும்.

என் கணக்கு இதுதான்: 5 அடியை இந்த வாரமே நீங்களே சுத்தம் செய்யுங்கள், மானியத்தை வென்டுக்கு வையுங்கள். அப்புறம், மானிய விதிமுறையைப் படிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.