புதுவீட்டு விறகடுப்பு: ஆறு குளிர்காலம் எரித்த பிறகு

அறையைச் சூடாக்க எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விறகடுப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த மாடல்?" என்றுதான். ஆறு குளிர்காலம் ஒரே அடுப்பை எரித்திருக்கிறேன். என்னைக் கேட்டால் மாடலைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். புகைபோக்கி வீட்டின் எந்த இடத்தில் மேலே ஏறப் போகிறது, அடுப்புக்குக் காற்று எங்கிருந்து வரப் போகிறது, விறகை எங்கே காயப் போடப் போகிறீர்கள்? இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் ஓரளவு நல்ல அடுப்பு எதுவும் ஒழுங்காக எரியும். இதில் ஒன்று தப்பினாலும், எவ்வளவு உசத்தியான அடுப்பாக இருந்தாலும் புகையும்.

வீட்டுக்கு வரைபடம் போட்டபோது நாங்கள் கேட்டது திறந்த கணப்பு. சுவரில் குழித்துக் கட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. ஆனால் விசாரித்தபோதுதான் தெரிந்தது: திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு பங்குதான் அறைக்குக் கிடைக்கும். மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே வெளியே. போகிற போக்கில் அறையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முகம் சுடும், முதுகு குளிரும். 1790களில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற அறிவியலாளர் இதே குறையைத் தீர்க்கத்தான் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, மேலே புகை போகும் தொண்டையைக் குறுக்கினார். அது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் கண்ணாடிக் கதவு போட்ட இன்றைய அடுப்பு அதே விறகிலிருந்து 75 முதல் 80 சதவீதம் சூட்டை அறைக்குத் தந்துவிடுகிறது. தீயும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் கணப்பை விட்டு அடுப்புக்கு மாறினோம். இதுவரை ஒரு நாள்கூட அதற்காக வருந்தியதில்லை.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. விறகில் இருக்கும் சூட்டில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. நாம் புகை என்று சொல்வது பெரும்பாலும் எரியாமல் தப்பித்துப் போகும் அந்த எரிபொருளைத்தான். 600 டிகிரி அளவுக்குச் சூடும், போதுமான காற்றும் கிடைத்தால் அதுவும் எரிந்துவிடும். எங்கள் அடுப்பின் பின்சுவரில் மேலே வரிசையாகக் காற்று வரும் சிறு துளைகள் இருக்கின்றன. அடுப்பு நன்றாகச் சூடேறியதும் அந்தத் துளைகளுக்கு முன்னால் விறகைத் தொடாமலேயே அந்தரத்தில் சின்னச் சின்னச் சுடர்கள் நிற்கும். அப்படி நின்றால் புகை எரிகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள், ஒன்றுமே தெரியாது, வெப்பத்தில் காற்று லேசாக நெளிவது மட்டும் தெரியும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக வாங்காதீர்கள். நாங்கள் முதலில் பார்த்து வைத்திருந்தது 12 கிலோவாட் அடுப்பு. கூடத்தின் நீளம் 6 மீட்டர், அகலம் 5, உயரம் 2.8; பெருக்கினால் 84 கன மீட்டர். சாதாரணமாக வெப்பக்காப்பு செய்த அறைக்கு 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் 6 வருகிறது. புதுவீட்டில் சுவரும் சன்னலும் நன்றாகக் காப்பு செய்யப்பட்டிருக்கும், எனவே அதற்கும் குறைவே போதும். 5 கிலோவாட் எடுத்தோம். பெரிய அடுப்பு வாங்கியவர்களுக்கு அரைமணி நேரத்தில் அறை தாங்க முடியாத சூடாகிவிடும். உடனே காற்றை அடைப்பார்கள். காற்றில்லாமல் விறகு மூட்டமாகப் புகையும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் கரி படியும். சின்ன அடுப்பு கொழுந்துவிட்டு எரிவதுதான் எல்லாவற்றுக்கும் நல்லது.

புகைபோக்கி விஷயத்தில் வரைபடம் போட்டவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் அடுப்பைக் கேட்டது வெளிச்சுவர் ஓரமாக. அவர் அதை வீட்டின் நடுப்பக்கம் நகர்த்தினார். புகைபோக்கி மாடி அறை வழியாக ஏறி, கூரையின் உச்சிக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. சூடான புகை மேலே ஏறுவதால்தான் அடுப்பு காற்றை இழுக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் நிற்கும் புகைபோக்கியில் புகை சீக்கிரம் ஆறிவிடும், இழுப்பு குறையும். புகை 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதிலிருக்கும் நீராவியும் பிசினும் குழாயின் உட்சுவரில் தாராகப் படியும். அந்தப் படிவு என்றைக்காவது தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். வீடே போகலாம். ஆகவே குழாய் நேராக இருக்கட்டும், வளைவு தவிர்க்க முடியாவிட்டால் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். கூரைக்கு மேலே அது துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் ஊர் விதி அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதையே செய்யுங்கள்.

அடுத்தது காற்று. இதில் நாங்கள் நன்றாகவே அடிபட்டோம்.

குடிவந்த முதல் குளிர்காலம். ஒரு மாலை அடுப்பு அருமையாக எரிந்துகொண்டிருந்தது. சமையலறையில் புகையிழுக்கும் விசிறியைப் போட்டுவிட்டு வந்து, விறகு வைக்க அடுப்புக் கதவைத் திறந்தேன். மேலே போக வேண்டிய புகை முழுவதும் என் முகத்தில் வந்து விழுந்தது. ஐந்து நிமிடத்தில் கூடம் மங்கிவிட்டது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறியது. குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, எல்லாச் சன்னலையும் திறந்தோம். நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயு ஆளையே கொன்றுவிடும். அந்தக் கருவி இல்லாமல் ஒரு நாள்கூட அடுப்பு எரிக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் எளிமையானது. பழைய வீடுகளில் இடுக்கு வழியாகக் காற்று எப்படியோ உள்ளே வந்துவிடும். புதுவீட்டில் இடுக்கே கிடையாது. அடுப்புக்கு மணிக்குச் சில பத்து கன மீட்டர் காற்று போதும். ஆனால் சமையலறை விசிறி அதைப் போலப் பத்து மடங்கு இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேறு வழி இல்லாததால் புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கியது. வெளியிலிருந்து நேராக அடுப்புக்குக் காற்று கொண்டுவரும் குழாய் இருக்க வேண்டும். அடுப்பின் அடியில் அதற்கான வாயும் இருந்தது. பொருத்த வந்தவர் "தேவைப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார், நாங்களும் நம்பிவிட்டோம். பிறகு போட்ட தரையை உடைத்து 100 மில்லிமீட்டர் குழாய் பதித்தோம். தரை போடுவதற்கு முன் அரைநாளில் முடிகிற வேலைக்கு ஒரு வாரம் ஆனது. குழாய் போட்ட பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. ஆனாலும் கதவைத் திறக்கும் முன் விசிறியை நிறுத்துவது இன்றும் எங்கள் வழக்கம். கதவையும் ஒரேயடியாகத் திறப்பதில்லை. ஒரு விரல் அளவு திறந்து, நாலைந்து விநாடி பொறுத்து, அப்புறம்தான் முழுவதும்.

சரி, விறகு. இதைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் போதாது.

அதே முதல் குளிர்காலத்தில் கண்ணாடி தினமும் கறுத்துக்கொண்டே இருந்தது. அடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, விற்றவர்களிடம் இரண்டு முறை முறையிட்டேன். அப்போதுதான் அப்பா எங்களைப் பார்க்க வந்திருந்தார். அடுப்பை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய், அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொப் என்று சத்தம் வந்தது. "இது இன்னும் பச்சைம்மா. காஞ்ச கட்டைன்னா ணங்குனு கேட்கும்" என்றார். கட்டையின் நுனியைத் திருப்பிக் காட்டினார். வெட்டுமுகம் வழவழப்பாக, வெடிப்பே இல்லாமல் இருந்தது. காய்ந்திருந்தால் நடுவிலிருந்து ஓரம் வரை கதிர் கதிராக வெடித்திருக்க வேண்டும். "காய்ந்த விறகு" என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றிருந்தார்கள். அடுத்த நாள் ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த உள்முகத்தில் குத்திப் பார்த்தேன். 34 சதவீதம். இருக்க வேண்டியது 20க்குக் கீழே. வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள்.

புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கும். பத்து கிலோ பச்சை விறகை அடுப்பில் வைப்பது, உள்ளே ஐந்து லிட்டர் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைப்பதற்குச் சமம். தீயின் சூடெல்லாம் அதற்கே போய்விடும், வாயுக்கள் எரியும் அளவுக்கு உள்ளே வெப்பம் ஏறவே ஏறாது. இப்போது நாங்கள் ஒரு வருடத்து விறகை எரிக்கும்போது அடுத்த வருடத்து விறகு காய்ந்துகொண்டிருக்கும். ஓக் போன்ற வைர மரத்துக்கு இரண்டு கோடை வேண்டும். பிளந்த பிறகுதான் காயும், உருண்டையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தை விடாது. தரையில் படாமல் கட்டை போட்டு உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களில் காற்று ஓடட்டும். தார்ப்பாயால் முழுவதும் போர்த்தினால் பூஞ்சைதான் பிடிக்கும்.

எவ்வளவு விறகு ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணி சூடு இருக்கிறது. அதில் 3 அறைக்கு வரும். ஒரு மாலையில் ஆறு மணி நேரம் எரித்தால் எங்களுக்குப் பத்து கிலோ. ஒரு குளிர்காலத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். அதைத் தூக்கி, அடுக்கி, மறுபடி தூக்கி உள்ளே கொண்டுவருவது நீங்கள்தான். முதுகுவலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

விறகு சரியானதும் அடுப்பே வேறு அடுப்பாகிவிட்டது. மூட்டும் முறையையும் மாற்றினோம். பெரிய கட்டைகள் அடியில், அதன்மேல் சின்னவை, உச்சியில் சுள்ளி, அங்கே தீ. தீ மேலிருந்து கீழே இறங்குவதால், கிளம்பும் புகை சுடர் வழியாகத்தான் போயாக வேண்டும். கண்ணாடியை இப்போது வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் கறை போய்விடும், வேறு மருந்து வாங்க வேண்டியதில்லை. சாம்பலை முழுவதும் வழித்து எடுப்பதில்லை, ஒரு விரல் கனம் அடியில் விட்டுவைத்தால் தணல் நிற்கும். எடுத்த சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் கல்லின்மேல் வையுங்கள். இரண்டு நாள் ஆன சாம்பலை ஒருமுறை கிளறினேன். அடியில் ஒரு கங்கு காற்றுப் பட்டதும் சிவந்து விழித்தது.

எங்கள் அடுப்பு எஃகு உடம்பு, வெளியே மாக்கல் போர்த்தியது. வெறும் எஃகு சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். வார்ப்பிரும்பு கொஞ்சம் தாமதம். மாக்கல் சூடாக ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனால் இரவு பத்து மணிக்குத் தீ அணைந்தால் விடிகாலையிலும் கையை வைத்தால் இளஞ்சூடு இருக்கும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. கூடம் கதகதப்பாக இருக்கும்போது கடைசிப் படுக்கையறை குளிர்ந்தே கிடக்கிறது, எனவே வீட்டின் முழு வெப்பத்துக்கும் இதை நம்ப முடியாது. தூசு அதிகம். எவ்வளவு நன்றாக எரித்தாலும் நுண்துகள்கள் கொஞ்சம் வெளியேறத்தான் செய்கின்றன. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், நெருக்கமாக வீடுகள் உள்ள இடமாக இருந்தால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒருமுறை இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது வீட்டார் எல்லாரும் கூடத்திலேயே படுத்தோம். அன்றைக்கு இந்த அடுப்புதான் எங்களைக் காப்பாற்றியது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. வருடம் ஒருமுறை புகைபோக்கியைத் துலக்குகிறோம். கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றை நான்காவது வருடம் மாற்றினோம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும், தாள் தடையில்லாமல் வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது. அடுப்புக்குள் இருக்கும் மேல் தட்டு ஒன்று விரிசல் விட்டு மாற்றினோம். விறகை உள்ளே வீசாமல் மெதுவாக வைத்திருந்தால் அது இன்னும் நாள் வந்திருக்கும்.

மறுபடி வீடு கட்டினால் ஒன்றை மட்டும் வேறுவிதமாகச் செய்வேன். செங்கல்லால் கட்டும் கனமான சூட்டடுப்பு ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் வேகமாக எரித்துவிட்டு விட்டால், செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். அது டன் கணக்கில் எடை வரும், அடியில் தனி அஸ்திவாரம் கேட்கும். எங்களுக்கு அது தெரியவந்தபோது சுவர் எழும்பிவிட்டிருந்தது. நீங்கள் இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை என்றால், அதையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.