மேல் லிஃப்ட் ஓடுமா? ஏழு சீசன் பாஸ் எடுத்த அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "அடுத்த சீசனுக்கு அந்தச் சின்னப் பனிச்சறுக்கு மலைக்குப் பாஸ் எடுக்கலாமா? சலுகை இந்த மாசக் கடைசியோட முடியுதாம். நீங்கதான் வருஷக்கணக்கா போறீங்களே." ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஏழு சீசன் கணக்கும் வெளியே வந்துவிட்டது. அவருக்கு அனுப்பியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மலை எவ்வளவு உயரம், எத்தனை தடங்கள், எது புதியவர்களுக்கு, எது மிகக் கடினமான கறுப்புத் தடம் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. சறுக்க வருகிறவர்களைக் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் இரண்டேதான் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கீழ் லிஃப்ட் பாதி மலை வரை போகும். அங்கே இறங்கி மேல் லிஃப்டில் ஏற வேண்டும். நல்ல சரிவுகள் எல்லாம் மேலேதான். மேல் லிஃப்ட் நின்றுவிட்டால் பாஸில் பாதி மலைதான் மிச்சம்.

லிஃப்ட் பழையது, மெதுவாகப் போகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையே இல்லை. இரண்டுமே நாற்காலி கம்பிவடத்தோடு நிரந்தரமாகப் பிணைத்த வகை. விநாடிக்கு இரண்டரை மீட்டர் போல நகரும். பெரிய ரிசார்ட்டுகளில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் வடத்தை விட்டுக் கழன்று, ஆள் ஏறியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அது இதைப் போல இரண்டு மடங்கு வேகம். ஆனால் மெதுவாகப் போகும்போது கால் ஓய்கிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது. உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில் ஓடியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன் ஒரு ரயில்வே பொறியாளர். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வரிசையைப் பார்த்து, கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினார். என் மகள் ஆறு வயதில் லிஃப்டில் ஏறப் பயந்து நின்றபோது இந்த வாழைத்தார்க் கதையைச் சொல்லித்தான் உட்காரவைத்தேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. மேல் சரிவுகளில் அவள் போகும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

முதலில் மனதாரப் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் இரவு வேலை பார்க்கும் வண்டி ஓட்டுநர்கள் அருமையானவர்கள். பகல் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் கிளறிப்போட்ட பனியை, எல்லோரும் போனபிறகு வண்டியால் அரைத்துச் சமன்செய்து விடுவார்கள். அரைத்த பனி உடனே தாங்காது. சில மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் துகளோடு துகள் ஒட்டி இறுகும். அதனால் எந்தச் சரிவை எப்போது செய்வது என்று கணக்குப் பார்க்க வேண்டும். இவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். காலையில் முதல் நாற்காலியில் ஏறி இறங்கும்போது, கோடு கோடாகக் கார்டுராய் துணி விரித்த மாதிரி சரிவு கிடக்கும். ஸ்கீ அதன்மேல் போகும்போது வரும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே விடியற்காலையில் எழுந்து போயிருக்கிறேன். பெரிய பெயர் எடுத்த மலைகளிலும் சறுக்கியிருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான காலைச் சரிவை எங்கும் பார்க்கவில்லை.

செயற்கைப் பனியிலும் அவர்கள் சோம்பல் பட்டதில்லை. வெளியே பூஜ்யம் டிகிரி, ஏன் இன்னும் இயந்திரத்தைப் போடவில்லை என்று பலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது, காற்றில் எவ்வளவு ஈரம் என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் இரண்டுக்குக் கீழே போனால்தான் பீய்ச்சிய நீர்த்துளி பனியாக விழும். காற்று நன்றாக வறண்டிருந்தால் பூஜ்யத்திலேயே பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் மைனஸ் ஒன்றிலும் தண்ணீர்தான் கொட்டும். ஆகவே டிசம்பரில் புல் தெரிந்தால் நான் நிர்வாகத்தைக் குறை சொல்வதில்லை. காற்றுக்காக லிஃப்டை நிறுத்தினாலும் அப்படித்தான். பக்கவாட்டுக் காற்றில் ஆளில்லாத நாற்காலிதான் அதிகம் ஆடும். அது கம்பத்தில் இடிக்கலாம், வடம் உருளையை விட்டு நழுவலாம். நிறுத்துவதே சரி. சில காலைகளில் உருளைகளிலும் வடத்திலும் பனி உறைந்து ஒட்டியிருக்கும். கம்பத்தின் மேல் ஏறி அதைத் தட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கீழே நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் குளிரில் அங்கே நிற்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் எதற்குக் கோபம்? நடப்பதைச் சொல்லமாட்டார்கள். ஏழு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான்.

போன சீசனில் ஒரு வெள்ளி இரவு முப்பது சென்டிமீட்டர் பனி விழுந்தது. அப்படி ஒரு இரவு சீசனுக்கு இரண்டு மூன்று தடவை வந்தாலே பெரிது. சனி காலை எட்டரைக்கு நானும் மகளும் பாதி மலையில் மேல் லிஃப்ட் வரிசையில் நிற்கிறோம். பலகையில் 'விரைவில் திறக்கும்' என்று இருக்கிறது. கைப்பேசியில் பார்த்தாலும் அதேதான். ஒன்பதரை ஆனது, பத்தரை ஆனது. எங்களுக்குப் பின்னால் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். கால் விறைத்துப்போய்ச் சிலர் கீழே போனார்கள். சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். லிஃப்ட் வாசலில் நின்ற பையனைக் கேட்டால், "எனக்கும் ஒண்ணும் சொல்லலை சார்" என்றான். பொய் சொல்லவில்லை, அவன் முகத்தில் தெரிந்தது. பதினொன்றே முக்காலுக்கு சரிவுகளில் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் மேல் இரக்கப்பட்டு உண்மையைச் சொன்னார். கியர்பாக்ஸ் புதன்கிழமையே போய்விட்டதாம். பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும், செவ்வாய்க்கு முன்னால் வராது.

அதாவது புதன் முதல் சனி வரை, அந்த லிஃப்ட் ஓடாது என்று அலுவலகத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'விரைவில்' என்று எழுதி வைத்தார்கள். லிஃப்ட் பழுதானதற்கு நான் கோபப்படவில்லை. பழைய இயந்திரம், பழுதாகத்தான் செய்யும். அவசரத்துக்கு வைத்திருக்கும் டீசல் இன்ஜின்கூட நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கொண்டுவரத்தான், நாள் முழுக்க ஓட்ட இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. செவ்வாய் வரை ஓடாது என்று ஒரு வரி போட்டிருந்தால், நான் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு மலைக்குப் போயிருப்பேன். இல்லையென்றால் கீழ்ச் சரிவே போதும் என்று முடிவுசெய்து, அந்தப் புதுப்பனியில் மூன்று மணி நேரமும் சறுக்கியிருப்போம். அந்தக் காலை திரும்பி வராது.

மேலாளருக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. இன்னொரு தடவை எழுதினேன், அதே வரி வந்தது. பிறகு இலையுதிர் காலத்தில் பாஸ் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் எழுந்து நேராகவே கேட்டேன்: "ஓடாதுன்னு தெரிஞ்சும் ஏன் விரைவில்னு போடறீங்க?" மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மேல் லிஃப்ட் மூடியிருக்குன்னு போட்டா அன்னைக்கு ஆள் வரமாட்டாங்க." அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு அவரை மதிக்கிறேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது.

யார் வரமாட்டார்கள்? அன்றைக்கு டிக்கெட் வாங்க இருப்பவர் வரமாட்டார். அவர் இன்னும் பணம் கொடுக்கவில்லை. நாங்கள் வசந்த காலத்திலேயே கொடுத்துவிட்டோம், அடுத்த பனி விழ ஏழெட்டு மாதம் இருக்கும்போதே. பாஸ் என்பதே அதுதான். கோடையில் லிஃப்டைப் பிரித்துப் பழுதுபார்க்கவும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அந்தப் பணம் கைகொடுக்கிறது. 2008-ல் வெய்ல் ரிசார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பல மலைகளுக்கும் சேர்த்து எபிக் பாஸ் என்ற ஒரே பாஸைக் கொண்டுவந்த பிறகு பெரிய மலைகள் பலவும் இந்தக் கணக்குக்கு மாறின. பனி வந்தாலும் வராவிட்டாலும் பணம் முன்கூட்டியே உள்ளே வந்துவிடும். பனி வராவிட்டால் நஷ்டம் பாஸ் எடுத்தவருக்கு. அதைத் தெரிந்தேதான் எடுக்கிறோம், ஒரு சின்ன மலை பிழைத்திருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருக்கிறது. அப்படி மலையின் பாரத்தில் பங்கெடுத்தவர்களை, இன்னும் பணம் கொடுக்காத ஒருவர் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏமாற்றி வரிசையில் நிற்கவைப்பது எந்த வகையில் நியாயம்?

இவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல நாடுகளில் பனிச்சறுக்கு மலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அப்போது இதே அலுவலகத்திலிருந்து இரண்டே நாளில் கடிதம் வந்தது. என்ன முடிவு, ஏன், மிச்ச நாட்களுக்கு அடுத்த பாஸில் எவ்வளவு கழிப்போம், இன்னும் எது தெரியவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு அன்றைக்கே அடுத்த பாஸை எடுத்தேன். என்னைப் போலப் பலர் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னதால் ஒருவரும் ஓடிப்போகவில்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் கிளென் என்று ஒரு பனிச்சறுக்கு மலை இருக்கிறது. 1995-ல் அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து அதை வாங்கினார்கள். 1948-ல் போட்ட ஒற்றையாள் நாற்காலி லிஃப்ட் தேய்ந்தபோது, பெரியதாக மாற்றாமல் 2007-ல் அதையே ஒற்றை நாற்காலியாகப் புதுப்பித்தார்கள். மெதுவாகப் போனாலும் சரி, இதுதான் எங்களுக்கு வேண்டும் என்று மலைக்குச் சொந்தக்காரர்களாகவே முடிவுசெய்தார்கள். எல்லா மலையும் கூட்டுறவாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சறுக்க வருகிறவர்களிடம் உண்மையைச் சொன்னால் அவர்கள் எவ்வளவு பொறுத்துப்போவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தச் சீசன் முடிவிலும் அதே கதைதான். ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை என்று பாஸில் அச்சடித்திருந்தது. மேல் சரிவில் இடுப்பளவு பனி இருக்கும்போதே, மார்ச்சில் ஒரு வியாழன் மாலை, சீசன் முடிகிறது, நன்றி என்று இணையத்தில் ஒரு படம் போட்டார்கள். ஞாயிறோடு முடிந்தது. தற்காலிக ஆட்களின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அது திடீரென்று வந்த செய்தி இல்லையே, நவம்பரில் ஆள் எடுத்தபோதே தெரிந்த தேதி. வியாழன் மாலை வரை ஏன் மறைக்க வேண்டும்? அடுத்த சீசன் பாஸ் விற்பனைக் கடிதம் திங்கள் காலையிலேயே வந்துவிட்டது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கீழ்ச் சரிவில் கூட்டம் கிடையாது, பயிற்சியாளர்கள் பொறுமைசாலிகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வாரநாள் காலைச் சரிவைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு போடுவேன், யோசிக்காமல்.

ஆனாலும் பாஸ் எடுக்காதீர்கள். நாள் டிக்கெட்டே வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ரோந்துக் குழுவில் யாரையாவது தெரிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். பனி விழுந்த மறுநாள் காலையில் நீங்கள் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும். இன்றைக்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

இந்தச் சீசன் முழுக்க, மலைக்குப் போகும் வழியில் காரில் மகள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்: "மேல் லிஃப்ட் ஓடுமாப்பா?" பாஸ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு தடவைகூட என்னால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. சலுகைக் கடிதத்தை இன்னும் அழிக்கவில்லை. பணமும் கட்டவில்லை. நவம்பரில், முதல் பனிக்கு முன்னால், பாகம் மாற்றியாயிற்று, மேல் லிஃப்ட் இன்ன தேதியில் திறக்கும், இல்லையென்றால் முன்னாலேயே சொல்வோம் என்று அவர்களிடமிருந்து ஒரு வரி வந்தால், சலுகை இல்லாமல் முழு விலை கொடுத்தே எடுப்பேன்.