அரிசி ஆலை உதிரிப்பாகங்களுக்கு ஃப்ரீகேட்: பட்டறை அனுபவம்

திருநெல்வேலி பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அரிசி ஆலைச் சாமான்கள்தான்: ஃபிளாஞ்ச், கப்ளிங், பேரிங் ஹவுசிங். பிசான நெல் அறுவடை நெருங்கினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து உடைந்த துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, இதே மாதிரி வேணும். போல்ட் ஓட்டை மட்டும் கொஞ்சம் வெளிய தள்ளி இருக்கணும்" என்பார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு, கணினியில் பாகங்களை முப்பரிமாண மாடலாக வரைய உதவும் ஃப்ரீகேட் (FreeCAD) அளவுக்குத் தோதான மென்பொருள் எனக்கு வாய்க்கவில்லை.

காரணம், மாடல் கோப்புக்குள்ளேயே இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட் (கணக்கு அட்டவணை). வெளிவிட்டம், தடிமன், போல்ட் வட்டம் (போல்ட் ஓட்டைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) எல்லாம் அதில் ஒவ்வொரு கட்டம். ஸ்கெட்ச்சின், அதாவது மாடலுக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தின், அளவுகளை அந்தக் கட்டங்களோடு இணைத்துவிடுவேன். போல்ட் வட்டத்தை 100 மி.மீ.யிலிருந்து 110 ஆக்கினால் மாடல் தானாக மாறிக்கொள்ளும். வெட்டும் பாதையைத் தயாரிக்கும் கேம் (CAM) பகுதியில் டூல் பாதையை மறுபடி கணக்கிடச் சொல்லி, விஎம்சிக்கு (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) புது ஜி-கோடு, அதாவது இயந்திரத்துக்கான கட்டளை வரிகள், எடுத்துவிடலாம். ஆனால் கட்டத்தில் எழுதும் எண்ணில் கவனம் வேண்டும். தேய்ந்த ஹவுசிங்கை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று காட்டும். உள்ளே உட்கார்வது 6205 என்ற அளவு எண் கொண்ட பேரிங் என்றால் அதன் வெளிவிட்டம் 52 மி.மீ.; அதிலிருந்துதான் ஃபிட் (எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது) பார்த்து அளவு போடுவேன்.

பழைய பதிப்புகளில் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. மாடலின் விளிம்புகளையும் முகங்களையும் எண் போட்டே ஃப்ரீகேட் நினைவில் வைத்திருந்தது. நடுவில் ஒரு ஓட்டை சேர்த்தால் எண் மாறி, ஒரு விளிம்புக்குப் போட்ட சாம்ஃபர் (சரிவு வெட்டு) வேறொரு விளிம்பில் போய் உட்காரும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டது. எனக்கு அந்தப் பதிப்பு வந்த பிறகுதான் வாடிக்கையாளர் வேலையை இதில் நிம்மதியாக ஏற்க முடிந்தது. இருந்தாலும் அந்தச் சிக்கல் வராமலிருக்க, இப்போதும் ஸ்கெட்ச்சை மாடலின் முகத்தில் ஒட்டாமல், மாறாத மூலத் தளங்களிலேயே வைக்கிறேன்.

காசு இல்லை, இணையம் வேண்டாம், கூலி வேலைக்குப் பயன்படுத்தவும் உரிமத்தில் தடையில்லை. சிறு பட்டறைக்கு இது சாதாரண உதவி அல்ல.

டூல் பாதையை ஜி-கோடாக மாற்றும் போஸ்ட் பிராசஸரை மட்டும் இயந்திரத்தின் கன்ட்ரோலருக்கு ஏற்றபடி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜி-கோடின் தலையில் ஜி21 (மி.மீ. அளவு), ஜி90 (எல்லா நகர்வும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து), ஜி54 (அந்தத் தொடக்கப் புள்ளி எது) சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டு, முதல் ஓட்டத்தை ஜாபுக்கு (வெட்ட வேண்டிய துண்டுக்கு) மேலே காற்றில் ஓட்டிப் பார்ப்பேன். அப்புறம், பம்ப் இம்பெல்லர் மாதிரி வளைந்த இறக்கைகள் உள்ள வேலைக்கு இதன் கேம் பகுதி பத்தாது. அதை மற்ற மென்பொருள்களும் திறக்கக்கூடிய ஸ்டெப் (STEP) கோப்பாக எடுத்து, அதற்குரிய மென்பொருள் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன்.